அக்கரை வரவு

நடு ஆற்றில் கம்பிப் படகு நின்றுபோனபோது நல்ல மழை. படகில், பழங்களைப் பெட்டியில் அடைக்கும் அக்கரைப் பழக்கூடத்தில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள், ஒரு காய்கறி வண்டி, அதன் ஓட்டுநர், கயிறு கட்டிய இரண்டு ஆடுகள், அவற்றை விற்க முடியாமல் திரும்பக் கொண்டுவரும் ஒரு கிழவர். பெண்களில் ஒருத்தி படகுக்காரரின் மகள்.

பேர்தான் படகு. பார்த்தால் இரண்டு லாரி நிற்கும் அளவுக்கு ஒரு தட்டையான இரும்புத் தளம், அவ்வளவுதான். இரு கரையிலும் கான்கிரீட் தூண் நட்டு, நடுவே முறுக்குக் கம்பி வடம் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். தளத்தின் ஓரத்தில் டீசல் இயந்திரம். அது ஓர் உருளையைச் சுழற்றும். உருளை வடத்தை வாங்கி வாங்கி விடும். படகு வடத்தைப் பற்றிக்கொண்டே ஊர்ந்து கரை சேரும். புதிதாக இருந்தபோது அது நன்றாகத்தான் ஓடியது. இப்போது வடத்தில் இழைகள் பிரிந்து முள் முள்ளாக நின்றன. தளம் துருப்பிடித்து ஓட்டையான இடங்களில் பலகை போட்டு மறைத்திருந்தார்கள். பல்சக்கரத்தை மூடியிருந்த தகடு எப்போதோ கழன்று ஆற்றோடு போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு எண்ணெய் டின்னைத் தட்டி வளைத்துக் கட்டியிருந்தார் படகுக்காரர்.

பிரிந்த இழை ஒன்று உருளைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இயந்திரம் முக்கியது. அவர் அதை நிறுத்திவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, கடப்பாரையால் இழையை நெம்பினார். இழை வெளியே வந்துவிட்டது. வெள்ளம் தளத்தை ஒரு தள்ளு தள்ளியது. தேய்ந்துபோன பல் பிடியை விட, சக்கரம் அரைச் சுற்றுத் திரும்பியது. அவருடைய இடது கையுறை அதற்குள் போயிற்று.

அவர் கத்தவில்லை. "நிறுத்து, நிறுத்து" என்று மட்டும் சொன்னார். இயந்திரம் முன்பே நின்றிருந்தது. மகள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். துணி சிவந்த வேகத்தைப் பார்த்து ஆட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவமனை அக்கரையில். பெண்கள் வரிசையாக நின்று வெறுங்கையால் வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். வந்த வழியே திரும்ப, காற்றுக்கு எதிராக. கம்பி முள் எல்லோர் உள்ளங்கையையும் கிழித்தது. ஒருத்தியும் விடவில்லை.

இக்கரையில் மாவு மில்லில் இருந்த அவர் மனைவிக்கு யாரோ ஓடிவந்து சொன்னார்கள். அவள் முகமெல்லாம் மாவோடு, மழையில் அது பசையாக வழிய, படித்துறைக்கு ஓடிவந்தாள். படகு அவளைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. கடப்பதற்கு வேறு எதுவும் இல்லை. கீழ்ப்புறத்துப் பெரிய ஊரில் ஒரு பாலம் உண்டு. அதைச் சுற்றிப்போனால் பகல் முழுக்க ஆகும். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று, "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள். அக்கரைக்கே கேட்கும் குரல் அவளுக்கு. மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். அவர் திரும்பிப் பார்த்து நல்ல கையைத் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் மற்றக் கைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள்தான் ஊர் மன்றத்தின் தலைவர்.

*

தலைவர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மன்றத்துக்கு ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு செயலாளர். செயலாளருக்கு ஊர் வைத்த பேர் 'இணைப்பு'. எதைக் கொண்டுபோனாலும் "இதுக்கு இணைப்பு எங்க?" என்று கேட்பார். நல்லவர். பயந்தவர். ஓய்வு பெறும் நாளை எதிர்பார்த்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு, தெருவிளக்கு எரியவில்லை என்ற சண்டை, நாய் கடித்த பஞ்சாயத்து, எல்லாம் அவர் ஒருவர்தான்.

பாலம் கட்டுகிறேன் என்று சொல்லித்தான் அவள் தேர்தலில் நின்றாள். மண்டல வளர்ச்சி நிதி என்று ஒன்று இருக்கிறது, சின்ன ஊர்களுக்காகவே ஒதுக்கியது, கேட்டால் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். கேட்டாள். கேட்பதற்கே ஒரு படிப்பு வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. நீர்வளத்துறையில் ஒரு சான்று, சாலைத்துறையில் ஒரு சான்று, மண் பரிசோதனை, மீன்களுக்குப் பாதிப்பில்லை என்று ஓர் ஆய்வு, பாலத்தால் ஊருக்கு என்ன லாபம் என்று ஓர் அறிக்கை. ஒன்று வாங்கி முடிப்பதற்குள் முதலில் வாங்கியது காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. கீழ்ப்புறத்துப் பெரிய ஊரில் இதை எழுதுவதற்கென்றே ஒரு மாடி முழுக்க ஆட்கள் இருந்தார்கள். அந்த ஊருக்கு அதே நிதியில் ஆற்றோரம் நடைபாதை வந்தது. பிறகு நடைபாதைக்கு அலங்கார விளக்கு வந்தது. பிறகு விளக்கின் அழகைப் பார்த்து ரசிக்க பெஞ்சு வந்தது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. ஓர் இடத்துக்கு அந்த நிதியில் விண்ணப்பம் போட்டு அது நிலுவையில் இருக்கும்வரை, அதே இடத்தில் மன்றம் வேறு எந்தக் காசையும் செலவு செய்யக்கூடாது. ஒரே வேலைக்கு இரண்டு பக்கம் காசு வாங்கிவிடுவார்களாம். ஆகவே பாலம் கேட்ட நாளிலிருந்து கம்பிப் படகுக்கு ஒரு ஆணி வாங்கவும் வழியில்லை. புது வடம் வாங்கும் அளவுக்கு மன்றத்தில் சந்தைக் கடை வாடகை இருந்தது. தொட முடியவில்லை.

"கிரீசு மட்டும் என் கைக்காசுல வாங்கிப் போடுறேன். அதுக்கும் இணைப்பு கேப்பாரா?" என்று படகுக்காரர் வீட்டில் கேட்பார்.

"கொஞ்சம் பொறுங்க. இந்த வருசம் வந்துடும்."

"போன வருசமும் இதையேதான் சொன்ன."

*

மறுநாள் ஒரு லாரியைப் பிடித்து, கீழ்ப்புறத்துப் பாலம் வழியாகச் சுற்றி, அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவர் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். கையைப் பெரிய பொட்டலம்போலக் கட்டியிருந்தார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை போச்சு?" என்று அவள் மகளிடம் மெல்லக் கேட்டாள். மெல்லக் கேட்பதாக நினைத்துக் கேட்டாள். வார்டு முழுக்கக் கேட்டது.

"என்கிட்ட கேளு. எனக்குக் காது போகல" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. "கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கு. நடுவுல உள்ளதுதான் இல்ல."

அவள் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அழாத. இங்க அழுதா நர்சம்மா திட்டுவாங்க."

"நான் அழல."

"பின்ன என்ன பண்ற?"

"கோவமா இருக்கேன்."

"யாரு மேல?"

அவரே சொன்னார். "அந்த வடம் பிரிஞ்சு போச்சுன்னு நான் உங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? நீ ஒரு தலைவர்னு சொல்லல. வீட்டுல, சாப்பிடறப்ப, பொண்டாட்டிக்கிட்டச் சொன்னேன். நீ அப்பவும் தலைவராத்தான் பதில் சொன்ன. செலவு பண்ணா விண்ணப்பம் ரத்தாயிடும்னு. சரி, விண்ணப்பம் பத்திரமா இருக்கா?"

"அப்பா, விடுங்கப்பா" என்றாள் மகள்.

"இல்ல, கேக்கட்டும்" என்றாள் அவள். "விண்ணப்பம் பத்திரமாத்தான் இருக்கு. எறும்பு கூட ஏறல."

அவர் திரும்பினார். முகம் ஒரே நாளில் வற்றிப்போயிருந்தது. "பாலம் வந்தா எனக்கு வேலை போயிடும். அது தெரிஞ்சும் நான்தான் உனக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாப் போனேன். ஞாபகம் இருக்கா? ஊருக்கு நல்லதுன்னு போனேன். இப்ப பாலமும் வரல, படகும் இல்ல, கையும் இல்ல. சொல்லு, நான் யாரு மேல கோவப்படுறது?"

மகள் ரொட்டிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அது பாலில் ஊறிக் கூழாகியிருந்தது.

*

படகு அக்கரையில் கிடந்தது. பழக்கூடத்துக்குப் போகும் பெண்களுக்கு வேலை இல்லை. அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்து ஆளுக்கொரு வீட்டுக் கூரையைக் கல்லெறிந்து பதம் பார்த்தார்கள். மில்லுக்கு அரைக்க வருவோர் தானியத்தைக் கொட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள்.

அந்த வாரம்தான் நிதி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. 'சிறு மன்றங்களுக்கு எளிமை' என்று ஒரு விழா. இனி நிதி பெறுவது எளிதாகிவிட்டதாம். நீண்ட காலம் பொறுமையாக விண்ணப்பித்து வரும் மன்றங்களின் தலைவர்களை மேடையேற்றி, இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்களாம்.

"நன்றி சொல்லணும்மா, அதான் இரண்டு வார்த்தை" என்றார் இணைப்பு. "ஒரு நகல் எழுதித் தரட்டுமா?"

"எழுதித் தாங்க. இணைப்போட தாங்க."

நகரத்தில் அந்த மண்டபம் குளிரில் விறைத்தது. இணைப்பு மஃப்ளரை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். திரையில் ஒரு பாலம் வந்தது, சூரியன் வந்தது, ஒரு குழந்தை சிரித்தது. துணை இயக்குநர் மேடையேறினார். இளைத்த மனிதர், கண்ணுக்குக் கீழே கறுப்பு. பேச்சு மட்டும் தெளிவு.

"முன்ன நீங்க எட்டு அலுவலகத்துக்கு அலையணும். இனிமே அலையவே வேண்டாம். ஒரே இணையதளம். ஒரே சாளரம். உட்கார்ந்த இடத்துலேயே எல்லாம்" என்றார். கைதட்டினார்கள்.

கைதட்டல் முடியும்வரை அவள் காத்திருந்து எழுந்தாள். "ஒரு சந்தேகம் சார். அந்த எட்டுச் சான்றும் இனிமே வேண்டாமா?"

"வேணும் மேடம். ஆனா ஒரே இடத்துல ஏத்தணும்."

"அதை யாரு கொடுப்பாங்க?"

"அந்தந்த அலுவலகம்தான்."

"அப்ப எட்டு இடத்துக்குப் போய் வாங்கி, ஒன்பதாவதா ஒரு இடத்துல ஏத்தணும்."

பின் வரிசையில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். துணை இயக்குநரும் லேசாகச் சிரித்தார். "மேடம் நல்லா சண்டை போடுறாங்க" என்றார் மைக்கில்.

"நான் சண்டை போடல சார். என் குரலே இப்படித்தான். மில்லுக்காரி. சண்டை போட்டா வேற மாதிரி இருக்கும். இன்னொண்ணு. ஏற்கெனவே நிலுவையில இருக்கிற விண்ணப்பம் என்ன ஆகும்?"

"புதுத் தளத்துல மறுபடி பதிவு பண்ணணும். பழையது தானா முடிஞ்சுடும்."

"பழையது முடிஞ்சுட்டா நாங்க எங்க படகை ரிப்பேர் பண்ணிக்கலாமா?"

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். நிமிர்ந்தார். "புதுசா பதிவாகற வரைக்கும் பழையது நிலுவையாத்தான் கணக்கு."

அவள் மேடைக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. மைக்கைப் பிடிக்கவும் இல்லை, தேவையும் இல்லை.

"எங்க ஊர்ல படகு ஓட்டுறது என் வீட்டுக்காரர். போன வாரம் அவரு கை மெசினுக்குள்ள போயிடுச்சு. புது வடம் வாங்க எங்க கிட்ட காசு இருந்தது சார். எங்க காசு. உங்க காசு இல்ல. நீங்க குடுக்கப் போற காசுக்காக எங்க காசை நாங்க தொடாம இருந்தோம். நீங்களும் குடுக்கல. இப்ப நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பாலம் வேண்டாம். எங்க விண்ணப்பத்தை நான் திரும்ப எடுத்துக்கறேன். அதை எங்க எழுதிக் குடுக்கணும்?"

துணை இயக்குநர் கணினியில் இருந்த பையனைப் பார்த்தார். அவன் திரையில் அங்கும் இங்கும் தேடினான். பாலமும் சூரியனும் குழந்தையும் வந்து வந்து போயின.

"சார், திரும்ப எடுக்கறதுக்கு வழி வைக்கல" என்றான் அவன்.

விழா முடிந்ததும் துணை இயக்குநர் அவளைத் தேடி தேநீர் மேசைக்கு வந்தார். "அம்மா, கை விசயம் எனக்குத் தெரியாது. ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். வருத்தம் உண்மையாகத்தான் தெரிந்தது. "உங்க கிட்ட வெளிப்படையாச் சொல்றேன். எங்களுக்கு எத்தனை விண்ணப்பம் வந்ததுன்னுதான் கேப்பாங்க. எத்தனை பாலம் கட்டினோம்னு யாரும் கேக்கறதில்ல. நீங்க திரும்ப எடுத்தா எங்க எண்ணிக்கை குறையும். அதை என் மேலதிகாரி ஒத்துக்க மாட்டாரு. நீங்க பேசாம ஒரு ஆலோசகரை வச்சு நல்லா எழுதிப் போடுங்க. அவங்களுக்கு எங்க மொழி தெரியும்."

"உங்க மொழி என்ன சார், நம்ம மொழி இல்லையா?"

அவள் தேநீரைத் தொடாமல் வைத்துவிட்டு வந்தாள். திரும்பும் வழியெல்லாம் இணைப்பு, "ஒரு நன்றி சொல்லிட்டு உக்காந்திருக்கலாம்" என்று தனக்குள் முனகிக்கொண்டே வந்தார்.

*

மன்றக் கூட்டம் ஓட்டுக் கட்டடத்துக்கு வெளியேதான் நடந்தது, உள்ளே இடம் போதவில்லை. அவள் சுருக்கமாகச் சொன்னாள். சந்தை வாடகைக் காசில் வடமும் பல்சக்கரமும் வாங்கப் போகிறோம். வந்தது வரட்டும்.

மளிகைக்கடைக்காரர் எழுந்தார். அவர் எதிர்க்கட்சி. "அதாவது, தலைவரம்மா வீட்டுக்காரருக்கு வேலை வேணும். அதுக்காக ஊருக்கு வர்ற பாலத்தைக் கெடுக்கறீங்க. அதானே?"

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கத்தப் போகிறாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் தணிந்த குரலில் பேசினாள். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

"அண்ணே, அவரு கை இனிமே லீவரைப் பிடிக்காது. அவருக்கு அந்த வேலை இல்ல. உங்க கடைக்குச் சரக்கு எந்த வழியா வருது? ஒரு வாரமா உங்க கடையில சர்க்கரை இருக்கா? பாலம் வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் நாம நீந்தித்தான் போகணுமா?"

மளிகைக்கடைக்காரர் உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னபோது அவரும் அரை மனதாக, தோள் உயரத்துக்கு மட்டும் தூக்கினார்.

இணைப்பு மட்டும் வெளிறிப்போனார். "அம்மா, நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்கு ஓய்வூதியம் இருக்கு. மூணு பொண்ணு இருக்கு."

"போட வேண்டாம். நான் போடறேன்."

"முத்திரை வேணுமே."

"வேணும்."

இணைப்பு உள்ளே மேசைக்குப் போய்விட்டு வந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் காலைலேர்ந்து வயிறு சரியில்ல. வீட்டுக்குப் போறேன்" என்று நடந்தார். வெளியே போகும்போது எப்போதும் மேசையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறவர், அன்று முத்திரை இருக்கும் இழுப்பறையைத் திறந்தபடியே விட்டுப் போனார்.

*

புது வடத்தை வெல்டரும் அவனுடைய மச்சானும் அக்கரையில் லாரியிலிருந்து இறக்கிவிட்டு, பழைய வடத்தைக் கையால் இழுத்தே படகை இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய வடத்தின் நுனியில் புதியதைக் கட்டி இக்கரைக்கு இழுக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் இழுத்தார்கள். கிரீசு பூசிய கம்பி கையில் நிற்காமல் வழுக்கியது. சாக்கைச் சுற்றிப் பிடித்தார்கள். மழை விட்டிருந்தாலும் கரை சேறு. இழுக்கிறவர்கள் வழுக்கி ஒருவர்மேல் ஒருவர் விழ, விழுந்தவர்களைத் திட்டிக்கொண்டே மற்றவர்கள் இழுத்தார்கள். வெல்டர் தளத்தின் ஓட்டைகளில் தகடு வைத்துப் பற்றவைக்க, பகலிலும் பொறி நீலமாகச் சிதறியது. பழக்கூடத்துப் பெண்கள் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து, கிரீசுக் கையோடு தொடாதீர்கள் என்று இழுக்கிறவர்களுக்கு வாயில் ஊட்டிவிட்டார்கள். மளிகைக்கடைக்காரர் தேநீருக்குச் சர்க்கரை அனுப்பினார். கடையில் இல்லாத சர்க்கரை வீட்டில் இருந்திருக்கிறது.

படகுக்காரர் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு தொங்கவிட்டுக்கொண்டு ஒரு தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். யார் எதைச் செய்தாலும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"டேய், அந்த கிளாம்பைத் தலைகீழா மாட்டுற. வடத்தோட கழுத்தை நீயே அறுத்துடுவ போலிருக்கு."

"சரியாத்தான் மாட்டுறேன் அண்ணே."

"நான் வந்தேன்னா தெரியும்."

"வாங்களேன்" என்றான் வெல்டர் யோசிக்காமல். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவர் எழுந்து கரையோரமாகத் தனியே நடந்தார். அவள் பின்னால் போனாள். இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விட்டுட்டு வா. அங்க ஆள் இல்லாட்டி சொதப்பிடுவானுங்க" என்றார் அவர்.

"நீங்க வாங்க."

"நான் வந்து? விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லவும் விரல் இல்ல."

"வாய் இருக்கே. அது ஒண்ணு போதும், ஊரே நடுங்குது."

அவர் சிரிக்க மறுத்தார். பிறகு கேட்டார். "யாரு ஓட்டப் போறா?"

"நம்ம பொண்ணு கேக்கறா."

"பழப்பெட்டி தூக்குற கை. லீவர் ஒண்ணும் பெரிசில்ல அவளுக்கு" என்றார். "ஆனா தண்ணி எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பார்க்கணும். அது அவளுக்குத் தெரியாது. நான் கூட நிக்கணும்."

"நில்லுங்க."

"அந்தச் சக்கரத்துக்கு முதல்ல மூடி போடச் சொல்லு. அது இல்லாம அவளை ஏத்த மாட்டேன்."

அவள் திரும்பி நின்று, கரை முழுக்க அதிரும்படி வெல்டரை அழைத்து, "மூடி! மூடி போட்டுட்டுத்தான் மத்தது!" என்றாள். அவள் குரல் உடைந்ததை ஊர் கவனித்தது. கவனிக்காததுபோல இழுத்தார்கள்.

*

படகு ஓடத் தொடங்கிய பின் கடிதம் வந்தது. நிதி விதியை மீறியதற்காகப் பாலத்துக்கான விண்ணப்பம் ரத்து. அவள் தலைவர் பதவியிலிருந்து நீக்கம். ரத்து செய்வதற்கு வழி இருந்திருக்கிறது. அவள் கேட்டபோதுதான் இல்லை. அதை இணைப்புதான் படித்துக் காட்டினார். அவள் மில்லுக்குப் போய் பெல்ட்டை மாட்டி ஓடவிட்டு, காலி மில்லை வெகுநேரம் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்குள் அவள் என்னென்ன சொல்லித் திட்டினாள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் அக்கரையில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. துணை இயக்குநர்தான். மகள் படகைக் கொண்டுபோய் அவரை ஏற்றிவந்தாள். காரை ஏற்றவில்லை. "எடை தாங்குமா?" என்று ஓட்டுநர் பயந்து காரோடு அங்கேயே நின்றுவிட்டான். துணை இயக்குநர் தளத்தின் நடுவில், எதையும் பிடிக்காமல், தோல்பையை இரு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். இக்கரையில் இறங்கியதும் பையிலிருந்து ஒரு தாளையும் பசைக் குப்பியையும் எடுத்தார்.

செய்தி கேட்டு அவள் மில்லிலிருந்து வந்துவிட்டாள். ஊரும் வந்துவிட்டது.

"என்ன சார் அது?"

"அனுமதி இல்லாம செலவு பண்ண சொத்து. மேலேர்ந்து உத்தரவு. சீல் வைக்கணும்மா. என் வேலை இது. எனக்கு இதுல சந்தோசமில்ல."

"வைங்க."

அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். சற்றுத் தயங்கி, தாளை இயந்திரத்தின் மேல் ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார். படகுக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இயந்திரத்தின் சாவியை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். துணை இயக்குநர் பையை மூடிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி, என்னை அந்தக் கரையில விட்டுடுங்க."

யாரும் அசையவில்லை.

"எதுல சார்?" என்றாள் அவள்.

அவர் படகைப் பார்த்தார். ஒட்டிய தாளைப் பார்த்தார். அக்கரையில் காரில் சாய்ந்து நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஓட்டுநரைப் பார்த்தார்.

"கடைசியா ஒரு தடவை..."

"சீல் வச்ச வண்டி சார். தொட்டா குத்தம். நீங்க ஒட்டின தாள்லயே எழுதியிருக்கும், படிச்சுப் பாருங்க. சுத்திப் போகணும்னா லாரி நாளைக் காலைல வரும். அந்த வழியாத்தான் நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். ரோடு நல்லாத்தான் இருக்கும், குழி மட்டும்தான். இல்ல, நீந்தத் தெரியும்னா நீந்துங்க. எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு நீந்தியா போகும்னு எங்கேயாவது யோசிச்சிருந்தா உங்களுக்கு இந்நேரம் நீச்சல் தெரிஞ்சிருக்கும்!" இப்போது அவள் உண்மையாகவே கத்திக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் அவள் சொன்னது சரிதான், சண்டை வேறு மாதிரிதான் இருந்தது. "உங்களுக்குச் சந்தோசமில்ல, உங்களுக்கு வருத்தம், உங்க மேலதிகாரி ஒத்துக்க மாட்டாரு! எல்லாம் எங்களுக்குத் தெரியும் சார். நீங்க வருத்தப்பட்டுக்கிட்டே ஒட்டுறீங்க. நாங்க வருத்தப்பட்டுக்கிட்டே சாகணுமா?"

அவர் படித்துறையில் உட்கார்ந்தார். கைபேசியை எடுத்து யாரிடமோ பேசினார். "இல்ல சார், சார், இந்தப் பக்கம் இருக்கேன் சார்... வழி இல்ல சார்... இல்ல சார், இருந்தது, நான்தான்..." அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் போலும். மேற்கே மேகம் கறுத்தது. முதல் தூறல் விழுந்தபோது ஊர் கலையவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. பழக்கூடத்துப் பெண்கள் இரவு வேலைக்குப் போகத் தூக்குப் பாத்திரங்களோடு வந்து சேர்ந்தார்கள். விசயம் தெரிந்ததும் அவர்களும் அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

வெகுநேரத்துக்குப் பிறகு அவர் எழுந்து, படகில் ஏறி, நகத்தால் தாளின் ஒரு மூலையைக் கிள்ளினார். மழையில் பசை ஊறியிருந்தது. தாள் முழுசாகவே கழன்று வந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

படகுக்காரர் சாவியை மகளிடம் கொடுத்தார். "ஏறுங்க சார். நடுவுல நில்லுங்க. சக்கரத்துப் பக்கம் போகாதீங்க."

பெண்களும் ஏறினார்கள். படகை எடுக்கும் முன் மகள் கட்டணம் வசூலித்துக்கொண்டு வந்தாள். துணை இயக்குநர் காசைக் கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போனவளைக் கூப்பிட்டார். தணிந்த குரலில், வேறு யாருக்கும் கேட்கக்கூடாது என்று நினைத்துக் கேட்டார்.

"ரசீது கிடைக்குமா? பயணப்படிக்கு வைக்கணும்."

மகள் அவரையே பார்த்தாள். பிறகு கரைக்குத் திரும்பி, அம்மாவுக்கு வாரிசுதான் என்று எல்லோருக்கும் தெரியும்படி கத்தினாள். "அம்மா! ரசீது கேக்கறாரு! ஆபீசுல காசு வாங்கிக்குவாராம்!"

அவள் மழையில் நனைந்தபடி நின்றாள். சிரிப்பு வருவதுபோல் இருந்தது, வரவில்லை. பக்கத்தில் குடையோடு நின்ற இணைப்பு மன்றத்தின் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவர ஓடினார். எழுதும்போது அவருக்குப் பழக்கத்தில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"அம்மா, இதை எந்தத் தலைப்புல வரவு வைக்கறது?"

"மண்டல வளர்ச்சி நிதின்னு எழுதுங்க" என்றாள் அவள். "நாம கேட்டதுல வந்தது இதுதான்."